துண்டுக்கு அடியில்

அரசாங்கம் எனக்கு
முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம் தரவேண்டும்.
சொன்னால் சிரிக்கிறார்கள்.
முத்தூர் ரோட்டில் வாய்க்காலுக்கு மேலே
பாலம் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.
ஜல்லி ஊதியூர் கிரஷரிலிருந்து,
கம்பி கரூரிலிருந்து,
சிமெண்ட் கடனிலிருந்து.

மார்ச் இருபத்தொன்பது.
காங்கயம் கருவூலத்தில் மின்விசிறிக்குக் கீழே
நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு
படுத்திருக்கிறது என் பில்.
"மேல இருந்து பணம் இறங்கலீங்க.
வட்டிக்கு மொதல்ல எடுத்து வெச்சுப்போடுவாங்க.
அப்புறம் சம்பளம், பென்சன்.
மிச்சம் நின்னாத்தான் உங்களுக்கு"
என்றார் திருமலைசாமி,
கறிவிருந்தில் கடைசிப் பந்திக்காரரிடம் பேசுவதுபோல.
வட்டி யாருக்குங்க என்றேன்.
பேங்குக்குத்தான்.

எதிர்ச்சாரியில்தான் பேங்கு.
நடுவில் நாற்பதடி தார்.
மேனேஜர் அனுபமா விஜயநகரத்துக்காரி,
எங்கள் 'ங்க'வை எங்களைவிட இழுப்பாள்.
"மூணு தவணை நிக்குதுங்க்கா.
தொண்ணூறு நாள் ஆச்சுன்னா
அப்புறம் என் கையில இல்லீங்க."
அரசாங்கம் தரட்டும், தருகிறேன்.
"எங்களுக்கு ஒருநாளும் தவறினதில்லீங்க அது."
சொந்த மகனைச் சொல்வதுபோல் சொன்னாள்.

ராத்திரி நல்லசிவன் சட்டையைக்கூடக் கழற்றாமல்
கத்திக்கொண்டிருந்தார்:
கோட்டையில் கொடி பறக்குது,
கயிறு பேங்கில் இருக்குது.
என் தம்பிக்கு வேறு கணக்கு.
பாதிப் பேங்குக்கு முதலாளியே அரசாங்கம்தான் மாமா,
வாங்குகிற டெபாசிட்டில் இத்தனைக்கு
என் பத்திரத்தை வாங்கு என்று
சட்டம் போட்டுத் தலையில் கட்டுகிறது,
யார் யாரை ஆள்வது?
ரசம் ஆறியது.
நான் இருவருக்கும் பதில் சொல்லவில்லை.

போன வியாழன் கருங்கல்பாளையம் சந்தையில்
கூலிப் பாக்கிக்காக ஒரு கிடாரியை விற்றோம்.
தரகன் துண்டை விரித்தான்,
வாங்குகிறவன் கை உள்ளே போனது.
இருவர் முகத்திலும் ஒன்றுமில்லை.
துண்டு மட்டும்
பல்லி விழுங்கின பூச்சிபோல அசைந்தது.
கிடாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்தோறும் மாநிலங்களின் கடன்
ஏலத்துக்கு வருகிறதாம், மும்பையில்.
அங்கே துண்டு இல்லை, கம்ப்யூட்டர்.
யாரோ ஒரு விரலை மடக்க
பத்து வருசத்துக்கு ஒரு மாநிலத்தின் வட்டி
கால் பைசா ஏறும்.
அந்தக் கால் பைசாவில்
எத்தனை பாலம் என்று கால்குலேட்டரில் போட்டேன்.
பூஜ்ஜியங்கள் திரையைத் தாண்டி விழுந்தன.

பேங்கின் விரல்,
எதிரே அரசாங்கத்தின் விரல்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்,
டெண்டர் கட்டை அவிழ்க்கும்வரை.
உள்ளே ஒரு ரசீது:
நான் அரசாங்கத்தை ஏமாற்றமாட்டேன் என்று
பேங்கு கொடுத்த ஜாமீனுக்கு ஈடாக
நான் பேங்கில் போட்ட நாலு லட்சம்.
அந்த நாலு லட்சத்திலிருந்து கொஞ்சத்தை
பேங்கு எடுத்து
அரசாங்கத்துக்கே கடன் கொடுத்திருக்கும்.
அதற்கு வட்டி கொடுக்கத்தான்
என் பில்லின்மேல் கல் வைத்திருக்கிறார்கள்.
ரசீதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன்.
அதுவும் துண்டுக்கு உள்ளேதான் இருந்திருக்கிறது,
எந்த விரலை மடக்குவதென்று தெரியாமல்.

மறுநாள் பாலத்துக்குப் போனேன்.
கீழ்பவானித் தண்ணீர் நின்று நாலு நாள்.
மதகோரக் குட்டையில் ஒரு கொக்கு.
திறப்புவிழாக் கல்லில் பதினோரு பெயர்கள்,
பேங்கு பெயர் இல்லை,
எங்கள் பெயரும் இல்லை.
தேங்காய் மட்டை ஏற்றிய டெம்போ ஒன்று
ஹாரன் அடித்துக் கடந்தது.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பார்த்தேன்,
அதிரவில்லை. நல்ல வேலை.

ஏப்ரல் பத்துக்குமேல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.
புதுக்கடன் வாங்கியதும்
முதல் பில் என்னுடையதாம்.

திரும்பும்போது சிவன்மலை தெரிந்தது.
உத்தரவுப் பெட்டியில்
மண்ணோ மஞ்சளோ இரும்போ
ஆண்டவன் கனவில் வந்து கேட்பதை வைப்பார்கள்,
வைத்தது நாட்டில் ஏறும், அல்லது இறங்கும்.
கடன் பத்திரம் கேட்டால் என்ன செய்வார்கள்?
வண்டியை நிறுத்தாமலே கும்பிட்டேன்,
செவ்வாய்க்கிழமை ஏலம்
நல்லபடியாகப் போகட்டும் என்று.